அருளானந்தம் காட்டிய முகம்

"கொரங்கு வாத்தியார் காலையில போயிட்டாராம்யா." வேடசந்தூர் மில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர்தான் என்னிடம் சொன்னார். துக்கச் செய்தியிலுமா அந்தப் பெயர்? வந்த ஆத்திரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அவருக்குப் பெயர் அருளானந்தம். எங்கள் திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானம் நடத்தினார். நான் பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தினேன்.

அந்தப் பெயர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது. எட்டு வருஷமிருக்கும். ஒருநாள் ஆதிமனிதனான ஜாவா மனிதனின் படத்தைக் கரும்பலகையில் மாட்டியிருந்தார். கண்ணுக்கு மேலே திண்டாகப் புடைத்த எலும்பு, பின்னால் சரிந்த நெற்றி, மோவாயே இல்லாத தாடை. அந்நேரம் ஏதோ வேலையாக உள்ளே வந்த ஒருவரின் முகமும் கொஞ்சம் அதே வாகு. பையன்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். சிரிப்பு கிளம்பிவிட்டது. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

அருளானந்தம் சட்டென்று கண்ணாடியைக் கழற்றினார். "அங்க என்னடா பார்வை? இங்க பாருங்க. என் புருவத்தத் தொட்டுப் பாருங்க, இம்புட்டு மேடு. மோவாய் இருக்கா எனக்கு?" என்று தாடையை உள்ளே இழுத்துக் காட்டினார். சிரிப்பு முழுக்க அவர் பக்கம் திரும்பியது. கடைசியில், "மொகந்தான்டா அப்பிடி. தொடையெலும்பு நம்மளது மாதிரியேதான். நிமுந்து நடந்தவன்," என்றார். அது யார் காதிலும் ஏறவில்லை. பெயர் மட்டும் ஊர் முழுக்கப் பரவியது.

நம் ஊரில் பட்டப்பெயர் சொன்னால்தான் வீடு தெரியும். அவர் மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்க, "கொரங்கு வாத்தியார் வீடா?" என்று கை காட்டியிருக்கிறார்கள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே பெண்ணின் நெற்றியையும் தாடையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே.

"நடந்ததச் சொல்லித் தொலையுமய்யா" என்று அவரிடம் கத்தினேன்.

"சொன்னா இந்தப் பேரு யாரு தலையில போய் உக்காரும்?" என்றார்.

பெற்ற பெண்ணைவிடவா? எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லா கேட்டாள்: "எங்கப்பா ஏன் மாமா தன் மூஞ்சியப் போயி அப்பிடிக் காட்டுனாரு?" இன்னும் கல்யாணமாகாத பெண். அன்று வகுப்புக்குள் வந்த அந்த மனிதர் கையில் மண்ணோடு எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "பாடம் புரியணும்னுதாம்மா" என்றேன்.

ஸ்டெல்லா, அன்று நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த ஆள் யாரென்று மட்டும் கேட்காதே. உன் அப்பாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஆளின் பெயர் ஒன்றுதான். அது என்னோடு போகும்.