ரமாபாய் அழித்த வெள்ளைப் புள்ளி

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ரமாபாய் வீடு எது என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல புள்ளி அழிச்சிகினு கீதே, அந்தப் பொண்ணா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அந்தப் புள்ளி அவளைப் படுத்திய பாடு இவர்களுக்கு எங்கே தெரியும்?

பகலில் அவளுக்குத் திருவொற்றியூரில் வேலை. குழாய் வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று எக்ஸ்ரே பிலிமில் பார்த்துச் சொல்ல வேண்டும். சாயங்காலமானால் தண்டையார்பேட்டையில் தோழி மகிழினியின் பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்துதான் 2004இல், இணையத்தில் பார்த்த நியூட்ரான் படங்களுக்காகப் புள்ளி அழிக்கும் அந்த மென்பொருளை எழுதினாள்.

எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், பசை தெரியாது. நியூட்ரான் கதிர் நேர்மாறு. அலுமினியத்தைக் கடந்து போய்விடும், பசையில் மாட்டிக்கொள்ளும். பசை போட்டு ஒட்டிய இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பசை விட்டுப்போன இடம் நியூட்ரான் கேமராவில் வெள்ளையாகத் தெரியும். தொல்லை என்னவென்றால், கதிர்வீச்சு கேமராவில் பட்டும் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். ரமாபாயின் மென்பொருள் அவற்றைத் துடைத்துவிடும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று மூலநிரலோடு இணையத்தில் போட்டாள். முகம் தெரியாத ஊர்களிலிருந்து நன்றி வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படித்தான் ஒரு வெளிநாட்டு ஆய்வாளர், ஒரே தகட்டை மூன்று முறை எடுத்த படங்களை, துடைப்பதற்கு முன்னும் பின்னுமாக அனுப்பி, "எவ்வளவு சுத்தமாகிவிட்டது!" என்று பாராட்டியிருந்தார். துடைப்பதற்கு முந்தைய மூன்றையும் ரமாபாய் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு புள்ளி மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது; துடைத்த படங்களில் அதைக் காணோம். தெறித்த புள்ளி அப்படி இருக்காது. அது பசையில் விழுந்த நிஜ ஓட்டை!

வேலையிடத்தில் ஒரே உறையில் இரண்டு பிலிம் போட்டுத்தான் படம் எடுப்பார்கள். புள்ளி ஒன்றில் மட்டும் இருந்தால் தூசி, இரண்டிலும் இருந்தால் ஓட்டை. தினமும் செய்கிற அதை, நிரல் எழுதும்போது அடியோடு மறந்துவிட்டாள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகவே துடைக்க வைத்திருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?" என்றாள் மகிழினி.

"நெஜ ஓட்டையையும் சேத்து அழிச்சிகினு இருந்துக்கிறேன்டி."

"கம்முனு மாத்திவுட்டுரு. எவனுக்குத் தெரியப் போவுது?"

"எடுத்துகினு போனவன்லாம் தகடு நல்லா கீதுன்னு நம்பிகினு இருப்பானே!"

"அப்புறம் உன்ன எவன் நம்புவான்? பேரு போயிரும், பேஜாராயிரும்!"

அந்தப் பயம் ரமாபாய்க்கும் இருந்தது. அவளாகவே சம்பாதித்த பேர் அது ஒன்றுதான். ஆனாலும் ஒரே தகட்டின் படங்களை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் தெரியும் புள்ளியைத் துடைக்கும்படி நிரலைத் திருத்திவிட்டு, அதன் முதல் வரியாக இதை எழுதினாள்: "முந்தைய பதிப்பு என் தவறால் நிஜ ஓட்டைகளையும் அழித்தது. பழைய படங்களை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ரமாபாய், வியாசர்பாடி."

என்ன நெஞ்சழுத்தம்! மகிழினி பார்வையாலேயே திட்டினாள். பிறகு அந்த ஆய்வாளரின் பதில் வந்தது. தேறிவிட்டது என்று அனுப்பவிருந்த தகட்டை நிறுத்திவிட்டார்களாம்.

இரண்டு வருடம் கழித்து, நிரலில் வேலை செய்ய வந்த ஒருவன் எங்கிருந்தோ எழுதிக் கேட்டான்: "அந்தத் தவறுதான் சரியாகிவிட்டதே, முதல் வரியை எடுத்துவிடலாமா?"

"இருக்கட்டும்" என்று மட்டும் பதில் போட்டாள்.

மறுவாரம் அந்த வரிக்குக் கீழே, நிரலில் தான் செய்த ஒரு தவறை அவனும் எழுதி, பெயரும் ஊரும் போட்டிருந்தான்.