கை எடுக்காத கபிதோன் லூகிச்

கபிதோன் லூகிச்சுக்கு எழுபது வயது நிறைகிறது, சங்கத்தின் சுவர்ப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எங்கள் நாணயச் சங்கத்தின் பதிவேட்டை முப்பத்தொரு வருடமாக எழுதுகிறவன் நான். நல்ல வார்த்தை எனக்கு வராது. நடந்தது வரும்.

ப்ஸ்கோவ் நகரில் எரிவாயு அடுப்புகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தவர் அவர். குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பார். எழுந்திருக்கும்போது, "அம்மா, பழைய வெள்ளிக் காசு ஏதாவது கெடக்கா?" என்பார். தேடியது ஒரே ஒருவனின் காசை. இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது பேரரசனாகி, அடுத்த பதிமூன்று மாதத்தில் தூக்கி எறியப்பட்ட ஆறாம் இவானின் காசை. அடுத்து வந்த எலிசவேத்தா, அவன் காசை எல்லோரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டாள். அப்படி வந்த ரூபிள்கள் சிலவற்றின் மேலேயே அவள் முகத்தை அச்சாக அடித்தார்கள்.

எங்கள் பட்டியலின்படி இவானுக்கு ஐந்து வகை வெள்ளிக் காசு. பத்தொன்பது வருடத்தில் கபிதோன் நான்கைச் சேர்த்துவிட்டார். பீட்டர்ஸ்பர்க் நாணய ஆலையில் அடித்த அரை ரூபிள் மட்டும் அகப்படவில்லை. அதற்குப் பதிலாக ஒரு எலிசவேத்தா ரூபிளை என் மேசைக்குக் கொண்டுவந்து கொண்டே இருந்தார். சாய்த்துப் பிடித்தால் அவள் தாடைக்குக் கீழே குழந்தையின் நெற்றியும் இலைக் கிரீடமும் மங்கலாகத் தெரியும்.

"இதையும் இவான் கணக்குல எழுதுங்க, நிகோதிம் பெத்ரோவிச்."

"கடைசியா அடிச்ச முகம் யாருதோ, காசு அவங்களுது. அதான் விதி."

"பய உள்ளதானே இருக்கான்?"

"இருந்துட்டுப் போகட்டும்."

இந்த விண்ணப்பம் பதிவேட்டில் பதினோரு முறை இருக்கிறது. பதினோரு தேதிகளும் என்னிடம் உண்டு.

போன பிப்ரவரியில் நோவ்கொரோதிலிருந்து ரிம்மா அர்காத்யெவ்னா வந்தாள். பல் வைத்தியர், ஒன்றின்மேல் ஒன்று அடித்த காசுகளை மட்டுமே சேர்ப்பவள். அவள் கைப்பையில் அந்த அரை ரூபிள் இருந்தது. பதிலுக்குக் கேட்டது கபிதோனின் எலிசவேத்தா ரூபிளை. மார்ச்சில் மாவட்டக் கண்காட்சி. ஐந்தும் உள்ளவருக்கே தனிக் கண்ணாடிப் பெட்டியும் பெயர் அட்டையும். கபிதோன் அதற்காகக் கழுத்துப்பட்டைகூட வாங்கி வைத்திருந்தார்.

எங்கள் சங்கத்தில் விற்பது, வாங்குவது கிடையாது, மாற்றிக்கொள்வது மட்டும்தான். இருவரும் பச்சைத் துணியில் காசை வைத்து உள்ளங்கையால் மூடுவார்கள். சம்மதமானால் கையை எடுக்க வேண்டும். இரண்டு கையும் எடுத்தபின் பின்வாங்க முடியாது.

இருவரும் மூடினார்கள். ரிம்மா கையை எடுத்தாள். பத்தொன்பது வருடம் அலைந்த மனிதர் எடுக்காமலா இருப்பார் என்று நினைத்து, மாற்றிக்கொண்டாயிற்று என நான் பதிவேட்டில் மையால் எழுதிவிட்டேன். கை எடுக்கும் முன் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

கபிதோன் கையை எடுக்கவில்லை.

"ஏன் கபிதோன் லூகிச், பல்லப் பிடுங்கின மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க? நான் இன்னும் இடுக்கியே எடுக்கலையே."

"எடுக்கறேன், எடுக்கறேன்."

தேநீர் வந்தது, ஆறியது. நாற்பத்திரண்டு நிமிடம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

"உங்களுக்கு இவான்தானே வேணும்?" என்றாள் ரிம்மா. "இதோ இருக்கான், முழுசா, ஒரு கீறல் இல்லாம."

"முழுசா இருக்கறவனை யார் வேணாலும் பாத்துக்குவாங்க. இவனை நான் சாய்ச்சுக் காட்டினாத்தான் தெரியும்."

"ஏன், நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீங்க அடி விழுந்த எடத்தைப் பாப்பீங்க, ரிம்மா."

சொல்லிவிட்டு, மூடிய கையை அப்படியே தன் பக்கம் இழுத்துக் காசைச் சட்டைப் பையில் போட்டார்.

"நாலு மணி நேரம் பஸ்ஸுல வந்தேன்! முதுகெலும்பு ஒடிஞ்சு போச்சு!" என்று ரிம்மா அரை ரூபிளைக் கைப்பையில் வைத்துப் படாரென்று மூடினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

முப்பத்தொரு வருடத்தில் அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு. அதில் நான் எழுதிய வரியின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். கபிதோன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கோடு போட்டும் கீழ இருக்கறது நல்லாத் தெரியுதே!"

"வீட்டுக்குப் போங்க, கபிதோன் லூகிச்."

மார்ச் கண்காட்சியில் அவருடைய நான்கு காசுகளும் பொதுப் பெட்டியில், ஸ்வீடன் செப்புக் காசுகளுக்கு நடுவே இருந்தன. புதுக் கழுத்துப்பட்டையோடு பக்கத்தில் நின்று, பெட்டியில் இல்லாத காசைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டாவது விண்ணப்பம் வந்தது. நிராகரித்தேன். அவருக்கு எழுபதாம் பிறந்தநாள் வாழ்த்துகள்.