மேகமில்லாத ஒரு நிமிடம்

2023 ஏப்ரல் 20, வியாழக்கிழமை. முழுச் சூரிய கிரகணம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத் என்னும் சிற்றூர். அம்பத்தூரிலிருந்து நானும் பாரிவாக்கத்திலிருந்து என் மனைவியின் தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தோம். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கம் வளைய கிரகணம் பார்த்தவர்கள் நாங்கள். வளைய கிரகணத்தில் சூரியன் முழுதாக மறையாது. விளிம்பு எரிந்துகொண்டே இருக்கும். சூரியனைத் தவிர வேறெதையும் காட்டாத கறுப்புக் கண்ணாடியைக் கடைசிவரை கழற்றக் கூடாது. அன்று மச்சானை அதட்டிக்கொண்டே இருந்தேன்.

முழுக் கிரகணம் வேறு. சூரியன் முழுதாக மறைந்ததும் கண்ணாடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதையும் படித்திருந்தேன். எக்ஸ்மவுத்தில் அதற்குக் கிடைப்பது ஒரே நிமிடம்.

"நான் சொல்றப்போ கழட்டு. அதுவரைக்கும் கண்ணாடி மேல கை போகக் கூடாது."

"செரி மாமா. நீ வாயத் தொற, நான் கழட்டறேன்."

செம்மண் வெளி, வெயில், ஈக்கள். அந்த ஊர் ஈ கண், மூக்கு எதையும் விடுவதில்லை. "நம்மூர் கொசு எவ்ளோ மரியாத மாமா, ராத்திரிதான் வருது" என்றான்.

கண்ணாடிக்குள் சூரியன் நகத்துணுக்காக மெலிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மேகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். திண்டுக்கல்லிலும் நடுவில் மேகம் மறைத்தபோது கண்ணாடிக்குள் இதே கறுப்புதான். காற்று சில்லிட்டது, மேகம் வந்தால் சில்லிடத்தானே செய்யும். சுற்றி நின்றவர்கள் கூச்சலிட்டார்கள். ஒரு பெண் அழுதாள். இவ்வளவு தூரம் வந்து மேகத்தில் போயிற்றே, பாவம். கழுத்து வலிக்கக் காத்திருந்தேன். மறுபடி வெளிச்சக் கீற்று வந்தது. சூரியனின் மறுபக்கத்தில் வந்தது.

கண்ணாடியைக் கழற்றினேன். வானத்தில் எங்கேயும் மேகம் இல்லை.

மச்சான் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். என் சொல்லை நம்பி அவனும் கோட்டைவிட்டானோ என்று அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"மாமா, திட்டாத. ஈ ஒண்ணு கண்ணாடிக்குள்ள பூந்துகிச்சு. கழட்டிட்டேன். அப்டியே பாத்துட்டேன். கண்ணு போயிடுமா?"

"என்ன பாத்த?"

"கண்ணு போயிடுமான்னு கேக்கறேன், நீ இன்னா..."

"போகாது. பாத்தத சொல்லு."

"கருப்பா ஒண்ணு. சுத்தி வெள்ளையா, முடி மாதிரி." யோசித்தான். "இல்ல, முடி இல்ல."

அதற்கு மேல் இன்றுவரை தெளிவாக எதுவும் வரவில்லை. பூந்தமல்லி டீக்கடையில் கேட்டால் வெள்ளை என்கிறான். அவன் வீட்டில் கேட்டால் நீலமும் கலந்திருந்தது என்கிறான். "பயத்துல பாத்தது மாமா, கரெக்டா சொல்ல வரல." படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன, பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்த நிமிடத்தை நினைத்தால், எனக்கு ஞாபகம் வருவது வராத அந்த மேகம்தான்.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தில் ஒன்று வருகிறது. ஆறு நிமிடத்துக்கு மேல். போன வாரம் மச்சானிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்துவிட்டு, "அங்க ஈ கீதா மாமா?" என்றான்.

கேலியா, அக்கறையா என்று அவன் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.