படிக்கட்டில் பகல்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடியில், பொழுது சாய்ந்ததும் படிக்கட்டு விளக்கைப் போட யாராவது வந்துவிடுவார்கள். போட்ட கையோடு ஒரு கும்பிடும் உண்டு. காலையில் அணைக்கத்தான் ஆள் கிடையாது. எரிகிற விளக்கை அணைக்கும் பாவம் நமக்கெதற்கு என்று பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் தாண்டிப் போவோம். மூன்று மாடிக்கும் ஒரே ஸ்விட்ச். மத்தியானம் தபால்காரர் அணைக்கும்வரை எரியும்.

கூட்டிப் பெருக்க உறையூரிலிருந்து டவுன்பஸ்ஸில் வரும் வியாகுலம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் எட்டு மணிக்கு அணைத்துவிட்டார். பத்தாவது நிமிஷம் மூன்றாம் மாடி வேதவதி மாமி இருட்டில் படி தவறி, கைப்பிடியைப் பற்றித் தப்பினார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் சௌரிராஜன் குதித்தார். "இன்னொரு தரம் ஸ்விட்ச்ல கை வச்சே, வேலைக்கு வராதே!"

 அவர் போனதும் வியாகுலம்மாள் சுவரை அண்ணாந்து பார்த்தபடி என்னிடம் கேட்டார்: "வெயில் அடிக்கிறப்ப இங்க மட்டும் எப்படிங்க தம்பி இருட்டா இருக்கும்?"

 தினம் நாலு தடவை நான் ஏறி இறங்குகிற படி; ஒருநாளும் எனக்கு அது தோன்றியதில்லை.

மறுநாள் ஸ்டூல், வாளி, தோசைத் திருப்பியோடு வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடி ஜன்னல் இருந்திருக்கிறது. போன வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் பெயின்ட் அடித்தவர்கள் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டி, அதன்மேலும் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கிழிப்பார்கள் என்று நாங்கள் இருந்து, பிறகு அதைச் சுவர் என்றே நினைத்துவிட்டோம். வியாகுலம்மாள் அந்தத் தாளை நனைத்து நனைத்துச் சுரண்டினார்.

பதினோரு மணிக்கு, சௌரிராஜனின் கண்ணெதிரிலேயே விளக்கை அணைத்தார்.

"நேத்து என்ன சொன்னேன் உனக்கு?"

"சொன்னீங்க சார். மாமி இறங்கட்டும். தடுமாறுனாங்கன்னா நானே போயிடறேன்." மேலே பார்த்துக் கூப்பிட்டார்: "மாமி! மாத்திரை அட்டையை எடுத்துக்கிட்டு வாங்க!"

மாமி கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். திருப்பத்தில் நின்று, அட்டையின் பொடி எழுத்தை வெயிலில் பிடித்துப் படித்தார்.

"ஏண்டா சௌரி, இது போன மாசமே காலாவதி ஆயிடுத்தேடா! லைட் வெளிச்சத்துல இதையா முழுங்கிண்டிருந்தேன்?"

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன வாரம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வந்து, தங்கள் ஜன்னல்களையும் இப்படிச் சுரண்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். "எங்க வியாகுலம் வந்து பார்ப்பா" என்றார் சௌரிராஜன், தானே சுரண்டியதுபோல.

வியாகுலம்மாள் தோசைத் திருப்பியைக் கழுவியபடி சொன்னார்: "ஆறரைக்கே அணைக்கலாம் சார். நான் வர எட்டாகும். பன்னிரண்டு வீட்டுல ஒரு கை கிடைக்காதா?"

இப்போது சௌரிராஜனே அணைக்கிறார். அணைத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, ஜன்னல் வெயிலுக்கு ஒரு கும்பிடு.