கூரைக்கு அடியில் கட்டிய துணி

தென்காசியில் எங்கள் நெசவாளர் தெருப் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் எப்போதும் குற்றால சீசனில்தான் வருவார். காலையில் அருவியில் குளித்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் எங்களையும் பார்த்துவிட்டுப் போவார். டவுன் பள்ளிக்கூடத்துக்குத் தை மாதம் தனியாக வந்து ஒரு நாள் முழுக்க இருப்பார். அங்கே ஓடு, பெஞ்சு, உலக உருண்டை எல்லாம் உண்டு. பார்த்து முடிக்க நேரம் ஆகும்தானே. எங்களிடம் ஓலைக் கூரையும் ஒரு கரும்பலகையும் இருந்தன.

சாரல் விழுந்தால் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட முடியாது; காயாது. வெயிலில் பாவு பிடிக்க நின்ற பிள்ளைகள் எல்லாம் அப்போது பள்ளிக்கூடம் வந்துவிடுவார்கள். அப்போதுதான் கூரையும் ஒழுகும். இடம் காய்ந்திருந்தால் பிள்ளைகள் இல்லை, பிள்ளைகள் வந்தால் உட்கார இடமில்லை. வருகிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் மானியம். மானியம் குறைந்ததால் ஓலை மாற்றவில்லை.

என் மகள் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம், ஐந்தாம் வகுப்பு தொடங்க அனுமதியும் கூரைக்கு ஓடும் கேட்டிருந்தோம். கிடைக்காவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி. எங்கள் தெருவில் பெண்பிள்ளையை டவுனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர் யாரும் இல்லை. நான் எட்டாவது வரை படித்தவன். அதனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பயந்தேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் தெருக்காரர்கள் கூடினோம்.

"வாரவரு தலையில தண்ணி சொட்டினா நமக்குத்தான அசிங்கம்," என்றார் பள்ளிக்கூடத்தை நடத்திய பெரியவர்.

"அவரு அருவியில குளிச்சிட்டுத்தான வாராரு மாமா," என்றான் ஒருவன்.

"ஏலே, சும்மா கெட."

கல்யாண வீட்டில் கட்டுவதுபோல் கூரைக்கு அடியில் துணி கட்டினோம். தறியிலிருந்து அறுத்த புதுத்துணி, வீட்டுக்கு ஒன்று. நானும் கொடுத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஈரத்தலையோடு வந்தார். பின்னால் சேவகன் துண்டைப் பிழிந்துகொண்டு வந்தான். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பேஷ்! இவ்வளவு வசதி உள்ளவர்கள் சர்க்காரை எதற்குக் கேட்கிறீர்கள்? கூரைக்கு ஓடு நீங்களே போட்டுக்கொள்ளலாமே."

பெரியவர் சலாம் வைத்தார். புகழ்கிறவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? மேலே துணியில் தண்ணீர் சேர்ந்து பூசணிக்காய் மாதிரி தொங்கியது. என் மகள் கையைத் தூக்கினாள்.

"சார், அது தண்ணி. துணிக்கு மேல ஒழுகுது."

"சூட்டிகையான பிள்ளை," என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறினார். வண்டி தெருமுனை திரும்பியதும் துணியின் முடிச்சு அவிழ்ந்தது. நாலாம் வகுப்பு மொத்தமும் நனைந்தது.

ஐந்தாம் வகுப்பு வரவில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் ஒன்று எழும்பியது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மகள் சிலேட்டை எடுத்தாள்.

"எங்கட்டி போற?"

"நாலாம் வகுப்புக்கு, வாப்பா."

"அதான் முடிச்சாச்சே."

"அதுக்கு மேல இல்லங்காவளே. வாத்தியாரு வந்து உக்காரச் சொன்னாவ."

இப்போது மறுபடியும் சீசன். புத்தகம் முழுக்க மனப்பாடம் என்று அவள் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். கூரை எங்கெங்கே சொட்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்கிறாள்.