உருளைத் தலை

கல்யாணமாகி வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வந்தபோது, மாமனார் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. கறுப்பு நிறம், உருண்டை விளக்குகள், இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் பலகை. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த வண்டி. போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஓடாது என்பது ஒன்றுதான் அதன் குறை.

மாமா குத்தகை விவசாயி. அவர் உழுத நிலத்தின் மிராசுதார், உச்சவரம்புச் சட்டம், குத்தகைப் பதிவு, கூலித் தகராறு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்ததில் வெறுத்துப்போய், குத்தகைக்காரர்களுக்கு அவரவர் உழுத துண்டை விட்டுவிட்டு, மிச்ச நிலத்தை விற்று மெட்ராஸுக்குக் குடிபோனார். பங்களாச் சாமான்களை விற்றபோது ஊர்க்காரர்கள் அண்டாவும் கட்டிலும் கண்ணாடி பீரோவும் வாங்கினார்கள். மாமா காரை வாங்கினார்.

"எதுக்கு மாமா வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"இது வந்தா நான் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமா நிக்கணும்மா. எத்தனை வருஷம் நின்னிருப்பேன்! உள்ள உக்காந்தா எப்படி இருக்கும்னு பாக்க வேண்டாமா?"

சில வாரம் ஓடிவிட்டு, ஒருநாள் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகும் அவர் தினம் சாயங்காலம் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

என் அப்பாவுக்குத் திருச்சியில் லாரிப் பட்டறை. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். பட்டறை முற்றத்திலேயே வண்டி ஓட்டவும் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தேன். என் கணவருக்கோ சைக்கிள் செயின் கழன்றால்கூட ஆள் தேட வேண்டும். தலை ஆடி முடிந்ததும், நான் ஒருநாள் கார் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

"புதுப்பொண்ணு கையில கிரீஸா?" என்று பதறிக்கொண்டு வந்தார் அத்தை. கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அவரே மண்ணெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்து, நான் கழற்றிப் போட்ட நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி முறத்தில் பரப்ப ஆரம்பித்தார்.

ஆயில் பால்விட்ட காப்பி மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் திருப்பினால், குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல். வார்ப்பிரும்பு, பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும். வேறு ஹெட் வேண்டும் என்றேன்.

மாமாவுக்குத் தமிழ்ப் பற்று அதிகம். கட்சி மேடைகளில் ஊறிய நாக்கு. "சிலிண்டர்னா உருளை. ஹெட்னா தலை. உருளைத் தலை வேணும்னு சொல்லு," என்றார். கார் அவருக்குச் சீருந்து.

உருளைத் தலையைத் தேடித் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று அலைந்தோம். "இந்த வண்டிக்குச் சாமான் வர்றது நின்னு எவ்வளவோ நாளாச்சும்மா," என்றார்கள் கடைக்காரர்கள். ஒருவர் மட்டும், காருக்குள் கோழி அடைக்கலாம் என்று யோசனை சொன்னார். மாமா அவர் வரவழைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சிறுவயதில் அப்பாவின் பட்டறைக்கு நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து ஒரு மோட்டார் படகு எஞ்சின் வந்தது. "கார்ல வர்ற எஞ்சின்தான். கடலுக்குப் போகும்போது பேரை மாத்திக்கிட்டுப் போயிருக்கு," என்று அப்பா சிரித்தார். அந்த எஞ்சினின் முகமும் இதன் முகமும் ஒன்று.

மறுநாளே நாகப்பட்டினம் கிளம்பினோம். கையில் பழைய கேஸ்கட் மட்டும். ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற தகடு அது. அதன் ஓட்டைகள் ஒத்துப்போனால் ஹெட்டும் ஒத்துப்போகும். வளையாமலிருக்க அதை ஒரு பலகையில் கட்டி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "சாமி படமா?" என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துறைமுகத்து மணலில் மூன்று பழைய லாஞ்சுகள் கிடந்தன. இரண்டில் எஞ்சினே இல்லை. மூன்றாவதன் மேல்தளம் முழுக்கக் கருவாடு காய்ந்தது. அதன் சொந்தக்காரம்மா காக்காயை விரட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"அதைக் கழட்டினா என் படகு ஓடாதே."

"இப்ப ஓடுதாம்மா?" என்றார் மாமா.

அந்தம்மா படகைப் பார்த்தார், கருவாட்டைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இறங்கிப் பாரு பொண்ணே. கருவாட்டை மிதிக்காம போ."

உள்ளே துருவும் மீன் வாடையுமாக இருந்தது. உப்பைச் சுரண்டி, கேஸ்கட்டை ஹெட்டின் மேலேயே வைத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை, அடுத்த ஓட்டை, அதற்கடுத்தது. எல்லாப் போல்ட்டுகளும் நேருக்கு நேர் வந்து நின்றன. "மாமா!" என்று நான் கத்தியதில், அவர் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து வேட்டியோடு உள்ளே குதித்துவிட்டார். விலை பேசி முடித்து, அந்தம்மா போட்ட மீன்குழம்புச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அது தை மாசம். வழியெல்லாம் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது, அறுக்க ஆளில்லை. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். எங்கள் ஊருக்கு முந்தின பாலத்தில் செங்கொடி நட்டு, அடுத்த ஊர் நடவுப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் வேன் நின்றது. பஸ் அதற்குமேல் போகாது என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள்.

ஒரு போலீஸ்காரர் லத்தியால் சாக்கைத் தட்டினார். "மூட்டைல என்னய்யா?"

மாமா நிமிர்ந்து நின்றார். "தலைங்க."

போலீஸ்காரர் பின்னால் நகர்ந்தார். "என்னது?"

"உருளைத் தலை."

"யாரோடதுய்யா?"

"சீருந்தோடதுங்க."

"சார், கார் எஞ்சின் ஹெட் சார்!" என்று நான் அலறிச் சாக்கை அவிழ்த்தேன். ரோட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போலீஸ்காரருக்கும் அடக்க முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த உயரமான அக்கா எழுந்து வந்தார். "எந்தக் காருண்ணே? பங்களாக் காரா?"

"ஆமாம்மா. இப்ப நம்ம கார்."

"உங்க ஆட்சியில கூலிச் சட்டம் போட்டாச்சுன்னாங்க. அந்தச் சட்டம் எங்க களத்துக்கு வரலையேண்ணே. அதுக்கும் பஸ் கிடைக்கலையா?"

மாமா துண்டைச் சரி செய்துகொண்டார். "என் வயல்ல நீங்க கேட்ட கூலியக் குடுத்துடறேம்மா. பெரிய பண்ணைங்கதான் இழுத்தடிக்கிறாங்க. நானும் பேசறேன்."

"பேசுங்க," என்ற அக்கா, சாக்கை ஒரு தூக்குத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "எம்மாங் கனம்! வா தங்கச்சி, ஊர் எல்லை வரைக்கும் கொண்டாந்து விடறேன்."

எல்லாம் பொருந்தினாலும் தண்ணீர்க் குழாய் மட்டும் மக்கர் செய்தது. படகில் அது பின்பக்கம் போகிறது. காருக்கு முன்பக்கம் வேண்டும். பின் ஓட்டையை அடைத்துவிட்டு, கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் ஒரு பித்தளை வளைகுழாய் செய்யச் சொன்னேன். குடத்துக்குக் கழுத்து வைக்கிறவர் அதைச் செய்துகொடுத்தார், கோலமும் ஒன்று பொறித்து. காருக்குள் யாரும் பார்க்கமாட்டார்களே என்றேன். "எஞ்சின் பாக்குமில்ல?" என்றார்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். அத்தை எலுமிச்சம்பழம் வைத்தார். என் கணவர் முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். முதல் சுற்றில் இருமல், அடுத்ததில் தும்மல், பிறகு கடகடவென்று ஒரே சீரான சத்தம். மாமா துண்டை மேலே வீசிப் பிடிக்காமல் விட்டுவிட்டார். அது கூரையிலேயே கிடந்தது.

அதே வாரம் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை முடிந்து கூலி உயர்ந்தது. நானும் மாமாவும் வண்டியை வெள்ளோட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது, நடந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்கள் கையைக் காட்டினார்கள். நிறுத்தினேன்.

"ஏறலாமாண்ணே?" என்று அந்த அக்கா கேட்டார்.

மாமா உடனே கீழே இறங்கினார். இருந்த இடத்துக்கு மேலாகவே பெண்கள் ஏறிக்கொண்டார்கள். அவருக்கு இடமில்லை. பக்கப் பலகையில் ஏறி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, "புறப்படும்மா!" என்றார்.

பெரிய பண்ணைகளின் வீதி வந்ததும், "மெதுவாப் போ தங்கச்சி, எல்லாரும் பாக்கட்டும்," என்றார் அக்கா. மெதுவாகப் போனேன். ஜன்னல்கள் திறந்தன. பின் சீட்டிலிருந்து ஒருத்தி குலவையிட்டாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குள் இன்னொருத்திக்குக் குமட்டி, ஒரு பண்ணையார் வாசலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்.

அவர்கள் தெருவில் இறக்கிவிட்டபோது அக்கா ஜன்னலில் குனிந்தார். "நாளைக்கு விடிஞ்சதும் உங்க வயல்லதான் முதல் அறுப்பு. இதுலயே வந்து ஏத்திக்கிறியா?"

வருகிறேன் என்றேன். மறுநாள் காலை, அரிவாள்களைக் காலடியில் வைத்துக்கொண்டு அவர்கள் காரில்தான் அறுவடைக்கு வந்தார்கள்.