இரண்டாவது ஆட்டக்காரி

என் அக்கா புருஷனின் வலது கை விழுந்த அன்று நான் அழவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? டயர் கடையில் பெரிய சுத்தியலைச் சுழற்றிய கை அது. வீட்டுக்கு வந்தால் அதே கைதான் அக்காவின் தாடையை இரண்டு முறை பெயர்த்தது, ஒரு காதைச் செவிடாக்கியது. பக்கவாதம் வந்து அது தொங்கிப்போன பிறகு, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு கம்மி. பிசியோதெரபிப் பெண் வந்து டீவி மேல் ஒரு கேமராவை மாட்டினாள். குத்துச்சண்டை கேம். எதிரே நின்று காற்றில் குத்தினால் திரையில் இருக்கும் தடியனுக்கு அடி விழும்; இரண்டு பேர் ஆடினால் ஆளுக்கொரு தடியன். தனியாக ஆடினால் சலித்துவிடும், வீட்டில் ஒருவர் கூடவே ஆட வேண்டும் என்றாள். அக்காவை விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து, அவர் பக்கத்தில் நின்று குத்தினாள்.

நோயாளிக்கு மனசு விட்டுப்போகக் கூடாதென்று, அவருடைய தடியன் திருப்பி அடிக்காதபடி அந்தப் பெண் மாற்றி வைத்திருந்தாள். அவன் வாங்கிக்கொண்டே நிற்பான். ஒவ்வொரு குத்துக்கும் அவர் அக்காவின் பெயரைச் சொல்லித் திட்டினார். அக்காவின் தடியனை யாரும் மாற்றவில்லை. குனியாவிட்டால் அவன் அடித்துத் திரையையே சிவப்பாக்கிவிடுவான். முதல் வாரம் அவள் ஒதுங்கவே இல்லை. பழக்கதோஷம், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தோளைத் தாழ்த்திக் குனியவும், இடுப்பைத் திருப்பி இடது கையை விடவும் கற்றுக்கொண்டாள்.

அவர் கை நெஞ்சு உயரத்துக்கு வந்தது, பிறகு தோள் உயரத்துக்கு. பிசியோதெரபிப் பெண் கைதட்டினாள். நான் அக்காவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இந்தக் கை சரியானா முதல் அடி யாருக்குன்னு தெரியாதாக்கா? இப்பவே கெளம்பு."

"கை விழுந்தவரை விட்டுட்டுப் போனான்னு ஊர் பேசும். கை வரட்டும். வந்த அன்னைக்கே போயிடறேன்."

ஊரா வந்து உன் தாடைக்குக் கட்டுப் போட்டது என்று கேட்டேன்.

கை தலைக்கு மேல் எழுந்த அன்று சாயங்காலம் நான் போனதும் அக்கா பையை எடுத்துக் கதவருகே வைத்தாள். வர்றேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றாள்.

அவர் பாய்ந்து வந்தார். நான் குறுக்கே போனேன், அவர் தள்ளியதில் சுவரில் போய் மோதினேன். சுத்தியல் மாதிரி வந்தது அந்தக் கை. அக்கா குனிந்தாள். முஷ்டி கதவு நிலையில் மோதி எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் அலறுவதற்குள் அவள் இடது கை அவர் தாடையில் இறங்கியது. அடுத்தது விலாவில். மூன்றாவதில் இரண்டு பல் தரையில் உருண்டது. அவர் சோபாவில் சரிந்து, ரத்தம் வழிய, வலியைவிட ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தார்.

"நீ அடிப்பியா?" என்றார்.

"திருப்பி அடிக்காதவன் டீவியில இருக்கான். அவனோட ஆடுங்க."

மாடிப்படி இறங்கி முடித்த பிறகும் மூடிய இடது கையை அவளால் விரிக்க முடியவில்லை. பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.